இரவில் சோறில்லை, புட்டுத்தான்: எடை குறைக்க வெளிக்கிட்டு நாம் விடும் பிழைகள்

காலை ஐந்தரை மணிக்குக் கிளிநொச்சிக் குளக்கட்டில் கைவீசி நடக்கிறவர்களை ஏழு மணிக்கு எங்கே காணலாம் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணீர்க் கடையில். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். நடந்த களைப்புக்கு இரண்டு கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணீர், கூடவே சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த இரண்டு உளுந்து வடை. எட்டு மாதம் ஒருநாளும் தவறாமல் நடந்தேன். எட்டாவது மாதம் தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருந்தது.

கணக்குப் பார்த்தபோதுதான் விளங்கியது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நான்கு கிலோமீற்றர் நடந்தால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். எண்ணெய் குடித்த பருமனான வடை ஒன்றிலேயே 100 கலோரிக்குக் குறையாது. தேக்கரண்டிச் சீனி ஐந்து கிராம் என்றால் அதற்கு 20. பாலையும் சேர்த்தால் கடையில் இருந்த பத்து நிமிடத்தில் 300 கலோரி உள்ளே போய்விடுகிறது. எழும்பாமல் பாயிலேயே படுத்திருந்தால் எனக்கு அந்த ஒரு கிலோ கூடியிருக்காது.

இதுதான் முதல் பிழை, பெரிய பிழையும்கூட: நடையை நம்பித் தட்டை மறப்பது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நடையால் மட்டும் அதைக் கரைக்க வேண்டுமானால், மேலதிகமாக ஒரு வாய் கூடச் சாப்பிடாமல், மேலே சொன்ன நான்கு கிலோமீற்றரை ஐந்தரை வாரம் நடக்க வேண்டும். அதே 200 கலோரியைத் தட்டில் குறைப்பதற்கு ஒன்றரை அகப்பைச் சோறு போதும். எடையை இறக்குவது சாப்பாடு. இறங்கியதைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்து வைப்பதும், சீனி வருத்தத்தையும் பிரஷரையும் அடக்கி வைப்பதும்தான் நடையின் வேலை. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டக்கூடாது.

இனிப் புட்டுக்கு வருவோம். முள்ளியவளையில் இருக்கும் என் சின்னம்மாவுக்குக் கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்தும் அசைவில்லை. "இரவில் சோற்றைத் தொடுவதே இல்லை தம்பி, புட்டுத்தான்" என்றார், குற்றமற்ற முகத்தோடு. வன்னியில் இந்த வசனத்தைக் கேட்காத வீடு இருக்குமா என்பது சந்தேகம். அன்றிரவு சரக்குத்தூள் நிறுக்கிற சின்ன மின்தராசைக் கொண்டுபோய் அவருடைய அடுப்படியில் வைத்தேன். வறுத்த அரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்துச் சுண்டு என்கிற அளவுப் பேணியால் கொத்தி, தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் கொட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் நிறுத்தோம். அவருடைய பங்குக்கு மட்டும் மா 180 கிராம், தேங்காய்ப்பூ 70 கிராம். மாவில் ஏறத்தாழ 650 கலோரி, தேங்காய்ப்பூவில் 250. கட்டிப்பால் விட்ட சொதியும் கதலி வாழைப்பழமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவர் கைவிட்ட சோறோ, 300 கிராம் என்று வைத்தாலும், 400 கலோரியைத் தாண்டாது.

காரணம் தண்ணீர். வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். புட்டில் குழைக்க விட்ட கொஞ்ச நீரும் ஆவியில் ஊறிய ஈரமும் மட்டும்தான் இருக்கிறது, அதனால் ஒரே அளவு தட்டில் மா கூடுதலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடியப்பத்துக்கும் இதே கதைதான். "பத்து இடியப்பம்தானே" என்கிறவர், அந்தப் பத்துக்கு எவ்வளவு மா பிழிந்தார்கள் என்று அடுப்படியில் கேட்டுப் பார்க்கலாம். பாணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதற்காகப் புட்டை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் சின்னம்மா கேட்கமாட்டார். மாவை 80 கிராமாக்கி, தேங்காய்ப்பூவை 25 கிராமாக்கி, இரண்டு கை முருங்கையிலையைக் கலந்து அவித்தோம். பார்வைக்குப் பெட்டி நிறைந்துதான் இருந்தது. கலோரி 400க்குள் வந்துவிட்டது. சொதிக்குப் பதிலாகக் குளத்து மீன் குழம்பு.

"குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம்" என்பது இதன் தம்பி. குரக்கனிலும் தவிடு நீக்காத சிவப்பரிசியிலும் நார் கூட, பசி மெதுவாகத்தான் திரும்பும், இரத்தத்தில் சீனி ஏறும் வேகமும் தணியும். எல்லாம் நல்லதுதான். ஆனால் மாவுக்கு மா வைத்து நிறுத்தால் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. சீனியை விட்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பனங்கட்டி நம் மண்ணின் பொருள், ருசியானது, ஆனால் அதுவும் சீனிதான். போத்தலில் வரும் இனிப்புக் குடிபானங்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் வண்ணக் குறி இருக்கிறது. சிவப்பைக் கண்டால் கையை எடுத்துவிடலாம்.

நம் அப்பாக்களும் இதே சோற்றைத்தானே குவித்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கேள்வி வரும். சாப்பிட்டார்கள். வாய்க்கால் கட்டினார்கள், அரிவாளால் வெட்டினார்கள், சூடு மிதித்தார்கள். போர்க்காலப் பெற்றோல் தடையின்போது நெல் மூடையையும் நோயாளியையும் சைக்கிளில் வைத்து மிதித்தார்கள். இன்று காலபோக வெள்ளாண்மையை இயந்திரம் வெட்டி மூடையில் கொட்டுகிறது. ஒழுங்கை முனைக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம். உடம்பின் வேலை பாதியாகிவிட்டது. அகப்பையின் அளவை யாரும் மாற்றவில்லை.

அடுத்த பிழை பட்டினி. காலையில் ஒன்றும் இல்லை, மதியம் பெயருக்கு ஏதோ, இரவு ஏழு மணிக்கு நாய்ப்பசி. அந்த நேரத்தில் கொத்துரொட்டித் தட்டும் சத்தம் காதில் விழுந்தால் எந்த வைராக்கியமும் நிற்காது. சிலர் விரதத்தையே எடை குறைப்பாக ஆக்கிக்கொள்கிறார்கள். விரதம் முடித்துப் பாறணையில் பாயசமும் வடையுமாகக் கடனை வட்டியோடு தீர்த்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். சலரோகத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நேரச் சாப்பாட்டை விடவே கூடாது. சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழும் ஆபத்து இருக்கிறது.

பட்டினியின் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவது உண்மைதான். குறைவது பெரும்பாலும் கொழுப்பல்ல. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாச்சத்தும், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும்தான். இரண்டு நாள் வழமைபோல் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிய ஒரு தம்பியும் இதே தண்ணீரைத்தான் குறைத்துக்கொண்டிருந்தார். வன்னி வெயிலில் அது விளையாட்டல்ல.

வண்டி, அதாவது தொப்பை, குறைய வேண்டும் என்று படுத்து எழும்பும் பயிற்சியை மட்டும் நூறு தடவை செய்பவர்களுக்கு ஒரே வரி: வயிற்றுத் தசை உறுதியாகும், மேலே இருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது.

இன்னொன்றைச் சற்று நின்று சொல்ல வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கும்போது சோற்றோடு சேர்த்து மீனையும் பருப்பையும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். தட்டில் சோற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டியது மீன், முட்டை, அவித்த பயறு, கௌபி, தயிர், கீரை. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தோடு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பதும், மண்வெட்டியால் தோட்டம் கொத்துவதும் போதும். புரதப் பால்மாப் பேணி வாங்க வேண்டியதில்லை. சிறுநீரக நோய் பரவலாக இருக்கும் வவுனியாப் பக்கத்தவர்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பாராமல் அதன் பக்கமே போகக்கூடாது.

தராசை மட்டும் நம்புவதும் பிழைதான். முதல்நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் மறுநாள் உப்போடு தண்ணீரும் தங்கி ஒரு கிலோ கூட்டிக் காட்டும். அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். தெற்காசியருக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றர், பெண் என்றால் 80, அதைத் தாண்டினால் கவனம்.

சின்னம்மாவுக்கு வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் மாதம் அப்படியே நின்றுவிட்டது. மனம் விட்டுப்போகும் இடம் இதுதான். ஆனால் பிழை எதுவும் நடந்திருக்கவில்லை. உடம்பு இலேசானால் அதைச் சுமந்து திரிய வேண்டிய செலவும் குறைகிறது, முன்பு குறைத்துக் காட்டிய அதே சாப்பாடு இப்போது வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிடுகிறது. நடைக்கு உண்மையான மதிப்பு வருவது அங்கேதான். மா அளப்பதற்கென்று ஒரு பழைய ரின்பால் பேணியை அடுப்படியில் தனியாக வைத்திருக்கும் அவர், இப்போது விடியற்காலையில் காட்டா விநாயகர் கோயிலுக்கு நடந்து போகிறார். திரும்பி வரும்போது யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் மட்டும் ஏறிவிடுகிறார்.