சர்ச்சில் ரயிலில் போகிறீர்களா? ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்

ஜூலை விடுமுறைக்கு டர்பனிலிருந்து கனடாவின் வடக்கே போக நினைப்பவர்களுக்கு: வின்னிபெக் நகரத்திலிருந்து வடகோடிச் சிற்றூரான சர்ச்சிலுக்குப் போகும் ரயில் சுமார் 1,700 கி.மீ., இரண்டு இரவுப் பயணம். திரும்பும் அன்றே விமானம் பிடிக்கலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வடகோடியில் தண்டவாளம் உறைநிலத்தின் (வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்) மேல் போகிறது. மண் இளகினால் பாதை அமிழும். ரயில் ஊர்ந்துதான் போகும். 2017 வெள்ளத்தில் பாதை அரித்துப்போய், ஒரு வருடத்துக்கு மேல் ரயிலே இல்லை. சர்ச்சிலுக்குச் சாலையும் கிடையாது. அதனால் வின்னிபெக்கில் ஒரு நாள் இடைவெளி கட்டாயம்.

போகும்போது, சர்ச்சிலை நெருங்கும் கடைசிக் காலையில் தூங்கிவிடாதீர்கள். காற்றுக்குப் பயந்ததுபோல் ஒரு பக்கம் மட்டுமே கிளைவிட்ட குட்டை ஸ்ப்ரூஸ் (ஊசியிலை) மரங்களை அங்கேதான் பார்க்கலாம்.

அப்புறம், நம் மூன்று முனை பிளக் அங்கே சேராது, மின்சாரமும் 120 வோல்ட்தான். கெட்டில் வேண்டாம், ஃபிளாஸ்க் போதும். முறுக்கு தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.