மங்கீஸைக் கேட்பது எப்படி ('டூப் பேண்ட்' என்று சொல்பவர்களுக்கும் சேர்த்து)

'ஐம் எ பிலீவர்' பாட்டை நம்மில் பலர் முதலில் கேட்டது 2001-ல் வந்த 'ஷ்ரெக்' படத்தில்தான். அது ஸ்மாஷ் மவுத் பாடியது. அதற்கு 35 வருடம் முன்னால் அதை ஹிட் ஆக்கியவர்கள் மங்கீஸ் என்ற அமெரிக்க பாப் குழு, எழுதியவர் நீல் டைமண்ட். பிடித்துப்போய் மூலப் பாட்டைத் தேடிப் போனால், யாராவது ஒருவர் வந்து "அதெல்லாம் டிவிக்காகச் சேர்த்த கும்பல்ங்க, வாசிக்கவே இல்ல, டூப்பு" என்று சொல்லாமல் விடமாட்டார். அவர் சொல்வது பாதி சரி. மீதியைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் சுமாரான ஒரு ஹெட்போனும் போதும்.

முதல் வேலை, குற்றச்சாட்டை ஒத்துக்கொள்வது. 1965 செப்டம்பரில் ஹாலிவுட் தொழில் பத்திரிகைகளில் 17 முதல் 21 வயதுக்குள் நான்கு கிறுக்குப் பையன்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்து, வந்த நானூற்றுச் சொச்சம் பேரைச் சலித்து, தயாரிப்பாளர்கள் பாப் ராஃபெல்சனும் பெர்ட் ஷ்னைடரும் ஒரு டிவி தொடருக்காகக் கட்டிய குழு இது. அந்தத் தொடர் அமெரிக்காவின் என்பிசி டிவியில் 1966 செப்டம்பர் 12 அன்று தொடங்கியது. மிக்கி டோலன்ஸ் குழந்தை நட்சத்திரமாக இருந்தவர், டிரம்ஸையே இந்த வேலைக்காகத்தான் கற்றுக்கொண்டார். டேவி ஜோன்ஸ் மான்செஸ்டர்க்காரர், மேடை நாடகத்திலிருந்து வந்தவர். ஆனால் மைக் நெஸ்மித்தும் பீட்டர் டோர்க்கும் ஏற்கெனவே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளப் கிளப்பாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, இப்போது முதல் இரண்டு ஆல்பங்களைப் போடுங்கள். 1966 அக்டோபரில் ஒன்று, 1967 ஜனவரியில் இன்னொன்று, இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். யார் வாசிக்கிறார்கள் என்று இங்கே தேடாதீர்கள், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோ கலைஞர்கள்தான். பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, மிக்கியின் குரல் அதில் எப்படி ஏறி உட்கார்கிறது என்பதைக் கேளுங்கள். பாய்ஸ்-ஹார்ட் ஜோடி, கரோல் கிங்-ஜெர்ரி காஃபின், நீல் டைமண்ட் என்று எழுதியவர்கள் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். அந்த ஸ்டுடியோ ஆட்களில் சிலர் பீச் பாய்ஸ் குழுவுக்கும் வாசித்தார்கள். பேர்ட்ஸ் குழுவின் முதல் ஹிட்டில் குழுவிலிருந்து வாசித்தது ரோஜர் மெக்வின் ஒருவர் மட்டும்தான். அவர்களை யாரும் போலி என்று திட்டவில்லை. மங்கீஸ் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், வாரா வாரம் டிவியில் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளியது. (எம்ஜிஆர் வாயசைக்க டிஎம்எஸ் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கோபம் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் மங்கீஸ் அவர்களே பாடினார்கள்.)

முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டை மட்டும் தனியாக எடுத்து இரண்டு தடவை கேளுங்கள்: 'பாப்பா ஜீன்ஸ் ப்ளூஸ்'. நெஸ்மித் எழுதித் தயாரித்தது. டெக்சாஸ் வாசனை அடிக்கும். அமெரிக்க கிராமத்து இசையும் ராக்கும் கலந்த கண்ட்ரி ராக் என்று ஒன்று பேசப்படுவதற்கு முன்பே, சின்னப் பிள்ளைகள் பார்க்கும் தொடருக்கான இசைத்தட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. டூப்பு என்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது சண்டை. இசைப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர் இரண்டாவது ஆல்பத்தை இவர்களிடம் சொல்லாமலே வெளியிட்டுவிட்டார். நெஸ்மித் ஓட்டல் சுவரில் ஓங்கிக் குத்தி, கூட இருந்த வக்கீலைப் பார்த்து "இது உன் முகமாக இருந்திருக்கும்" என்ற மாதிரி கத்தினார். கொஞ்ச நாளில் கிர்ஷ்னர் வெளியே. போனவர் அடுத்துக் கையில் எடுத்தது ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழு, ஏனென்றால் கார்ட்டூன் எதிர்த்துப் பேசாது!

இப்போது 'ஹெட்குவார்ட்டர்ஸ்', 1967 மே. இதற்கு நேரம் ஒதுக்குங்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். நான்கு பேரும் ஸ்டுடியோவுக்குள் போய் அவர்களே வாசித்த ஆல்பம். தயாரிப்பாளர் சிப் டக்ளஸ் பல பாட்டுகளில் பேஸ் கிட்டாரைப் பார்த்துக்கொண்டார், ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கு மட்டும் வெளியாள். முதல் சுற்றில் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள்: மிக்கியின் அடி எளிமையாக, சில இடங்களில் லேசாகத் தள்ளாடும், அவ்வளவு ஆசையோடு ஒருவர் புதிதாகக் கற்ற வேலையைச் செய்யும் சத்தம் அது. இரண்டாவது சுற்றில் டோர்க்கின் பாஞ்சோவும் கீபோர்டும், மூன்றாவதில் நெஸ்மித்தின் ஸ்டீல் கிட்டார். கடைசிப் பாட்டு மிக்கி எழுதிய 'ராண்டி ஸ்கவுஸ் கிட்'. இங்கிலாந்தில் அந்தத் தலைப்பு கெட்ட வார்த்தை மாதிரி என்பதால் வேறு தலைப்பு கேட்டார்கள், இவர்கள் 'ஆல்டர்னேட் டைட்டில்' என்றே பெயர் வைத்து அனுப்பினார்கள், அங்கே இரண்டாம் இடம்வரை போனது. ஆல்பம் அமெரிக்காவில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது, அப்புறம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' வந்து இறக்கியது. அதற்குப் பின்னாலேயே வாரக்கணக்கில் இரண்டாம் இடத்தில் நின்றது. தோற்க வேண்டுமென்றால் அப்படி ஒன்றிடம் தோற்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் இவர்களுடைய சிறந்த ஆல்பம் இதற்கு அடுத்தது. அதே 1967 நவம்பரில் வந்த 'பைசிஸ், அக்வேரியஸ், காப்ரிகார்ன் அண்ட் ஜோன்ஸ் லிமிடெட்'. இதில் டிரம்ஸ் பெரும்பாலும் எடி ஹோ, மறுபடியும் வெளியாள்! வாசிக்கும் உரிமைக்காக அவ்வளவு சண்டை போட்டுவிட்டு, மிக்கிக்கு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப அடிப்பது அலுத்துப்போனது. ஆனால் யார் எதை வாசிப்பது என்ற முடிவு இப்போது இவர்கள் கையில். 'ப்ளெசண்ட் வேலி சண்டே' தொடங்கும் அந்த கிட்டார் வரியை அமைத்தது சிப் டக்ளஸ், வாசித்தது நெஸ்மித். 'டெய்லி நைட்லி'யில் கேட்கும் விண்வெளிச் சத்தம் மூக் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியம், ராக் இசையில் அது இன்னும் புதுசாக இருந்த நேரம், இயக்கியவர் மிக்கி. நம்பகத்தன்மை பற்றிய வாதத்தை இந்த ஆல்பத்தில்தான் நடத்த வேண்டும், யாரும் நடத்துவதில்லை.

1968-ல் இவர்கள் நடித்து வந்த 'ஹெட்' படத்தை முழுதாகப் பார்க்கப் பொறுமை வேண்டும். திரைக்கதையில் நடிகர் ஜாக் நிக்கல்சன் பெயர் உண்டு, ஓடவில்லை. பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் 'போர்ப்பஸ் சாங்' கேட்டுவிட்டு நகரலாம்.

வாதாடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1967-ல் மங்கீஸ் தட்டுகள் பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் சேர்ந்து விற்றதைவிட அதிகம் விற்றன என்று எங்கேயாவது படித்திருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நெஸ்மித் ஒரு பேட்டியில் வேண்டுமென்றே அவிழ்த்துவிட்ட புளுகு அது. பின்னாளில் கொலைக் கும்பல் தலைவனாகப் பேர்போன சார்லஸ் மேன்சன் இந்தக் குழுவுக்கான தேர்வுக்கு வந்தான் என்பதும் கதை, அப்போது அவன் சிறையில் இருந்தான். அதே நேரம் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967 ஜூலையில் இவர்கள் மேடையில் முன்னால் வாசித்தது உண்மை. பிள்ளைகள் டேவி பெயரைச் சொல்லிக் கத்த, சில நிகழ்ச்சிகளோடு அவர் கிளம்பிவிட்டார்.

நேரம் மிச்சம் இருந்தால் நெஸ்மித்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் முதல் ஹிட் 'டிஃபரண்ட் டிரம்' இவர் எழுதியது, தொடரில் சேர்வதற்கு முன்பே. 1970-ல் வெளிவரத் தொடங்கிய, இவருடைய ஃபர்ஸ்ட் நேஷனல் பேண்ட் குழுவின் ஆல்பங்களைக் கேட்டால் 'பாப்பா ஜீன்ஸ் ப்ளூஸ்' எங்கே போய்ச் சேர்ந்தது என்று புரியும்.

கடைசியாக 2016-ல் வந்த 'குட் டைம்ஸ்!' ஆல்பத்திலிருந்து 'மீ அண்ட் மாக்டலீனா'. எழுதியது டெத் கேப் ஃபார் க்யூட்டி குழுவின் பென் கிப்பார்ட், அதாவது வெளியாள்தான், தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். பாடுவது எழுபதைத் தாண்டிய நெஸ்மித், கூடவே மிக்கி. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.