பழைய புல்லட்டில் சார்ஜ் ஏறவில்லையா? ரெகுலேட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த 12 வோல்ட் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு என்ஜின்) புல்லட்டில் பேட்டரி அடிக்கடி இறங்கினால், பலர் முதலில் மாற்றுவது, பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத்தான். பெரும்பாலும் குற்றவாளி ஒரு துருப்பிடித்த எர்த்தோ (வண்டியின் உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) தளர்ந்த கனெக்டரோதான். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளக்கவும். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சார்ஜ் போட்டும் ஏறாத பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற எதையும் சோதிப்பது வீண்.

பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, லைட்டை அணைத்து, பேட்டரி முனைகளிலேயே அளக்கவும். ஆக்சிலரேட்டரை நடுத்தரமாக முறுக்கினால் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்து வற்றும். 13-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் வரவில்லை. ஹெட்லைட் நன்றாக எரிகிறதே என்று நம்ப வேண்டாம்: சில மாடல்களில் அதற்கு ஸ்டேட்டரில் (மின்சாரம் உண்டாக்கும் காயில்களின் தொகுப்பு) தனி காயில் உண்டு.

என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'டெஸ்ட்' செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வோல்டேஜ் கட்டுமீறி பல்புகள் போகும், ரெகுலேட்டரும் போகலாம்.

சார்ஜ் வரவில்லையென்றால் அடுத்தது வயரிங். என்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வயரிலும், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ இழப்பு. ஹெட்லைட் தலைப்பகுதியில் இருக்கும் ஆம்ப் மீட்டரின் நட்டுகளை முதலில் பாருங்கள், அதிர்வில் தளர்வது அவைதான். ரெகுலேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே இதே சோதனை. பாடி உட்காரும் இடத்தில் பெயின்ட் அடித்திருந்தால் எர்த் கிடைக்காது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் பூட்டவும்.

வயரிங் சரியென்றால் ஸ்டேட்டர். பேட்டரி சார்ஜுக்கான இரண்டு வயர்களையும் ரெகுலேட்டரிலிருந்து பிரித்து, என்ஜினை ஓட்டி, ஏசி வோல்ட் அளக்கவும். வேகம் ஏற ஏற அளவும் சீராக ஏறவேண்டும். நடுத்தர வேகத்தில் 20-ஐக்கூடத் தொடவில்லையென்றால் காயில் ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது ஸ்டேட்டருக்குள் சுழலும் ரோட்டரின் காந்தம் வலுவிழந்திருக்கும். மீட்டர் சில நேரம் ஏமாற்றும். லோடு கொடுத்தால்தான் உண்மை தெரியும். அந்த இரு வயர்களுக்கும் இடையே 35 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். லேசாக முறுக்கும்போதே பிரகாசமாக எரிந்தால் ஸ்டேட்டர் நல்லது, மீதி இருப்பது ரெகுலேட்டர்தான். அதிகம் முறுக்கினால் பல்பு போய்விடும்.

பல்பு மங்கினால், என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினை மூடியிருக்கும் பிரைமரி கவரைக் கழற்றியே ஆகவேண்டும். கீழே ஒரு தட்டு வையுங்கள், ஆயில் முழுவதும் கொட்டும். ஸ்டேட்டர் வயர் வெளியே வரும் ரப்பர் பகுதியைக் கவனியுங்கள்: சூட்டிலும் ஆயிலிலும் இன்சுலேஷன் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது பிரைமரி செயின் உரசி செம்பு வெளியே தெரியும். காயில் நன்றாக இருந்து வயர் மட்டும் கெட்டிருந்தால், ஆயிலும் சூடும் தாங்கும் வயரைச் சால்டர் செய்து பிழைத்துக்கொள்ளலாம். பூட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சுற்றிலும் நுழையவேண்டும். ஓரிடத்தில் நுழையாவிட்டால் அங்கே உரசும். ஸ்டேட்டரைத் தாங்கும் ஸ்டட் வளைந்திருக்கிறதா, கிராங்க் பேரிங் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டே மூடவும்.