சம்பளம் ஒரு பக்கம், பிளான் வேலை ஒரு பக்கம்: வரிக்கணக்கு போடுவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து கோவைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் சிவில் இன்ஜினீயரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வருமான வரி மத்திய அரசின் வரி. வீடு மாநில எல்லையான வாளையாறுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கீழே உள்ளவை 2025-26 நிதியாண்டுக்கான எண்கள், புதிய வரிமுறைப்படி.

முதல் வேலை, தனி சேமிப்புக் கணக்கு. பிளான் பணம் முழுக்க அதில்தான் விழ வேண்டும். சம்பளக் கணக்கிலேயே யூபிஐ வாங்கினால், மச்சான் திருப்பித் தந்த கைமாற்று எது, கூலி எது என்று மார்ச்சில் பிரிக்க முடியாது. கணக்கு எழுத ஆப் எதுவும் தேவையில்லை. தேதி, பெயர், பில் தொகை, பிடித்த டிடிஎஸ் (பணம் தருபவர் முன்னதாகவே பிடித்துக் கட்டும் வரி) என்று நான்கு பத்தி உள்ள எக்செல் ஷீட்டே நல்லது. டிடிஎஸ் போகக் கைக்கு வந்ததை எழுதாதீர்கள், முழு பில் தொகையை எழுதுங்கள். பிறகு நம் பெயரில் பிடித்த வரியும் வந்த வருமானமும் பதிவாகியிருக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற வரித்துறை அறிக்கைகளை இறக்கி, ஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

அடுத்ததுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம்.

சம்பளம் 11,40,000 ரூபாய். சம்பளக்காரருக்குக் கிடைக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போக 10,65,000. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் வரி இல்லை, கம்பெனியும் டிடிஎஸ் பிடிக்காது. அதனால் வரியே கிடையாது என்று இருந்துவிடுகிறார்கள். பிளான் வேலையில் வந்த 3,00,000 கம்பெனிக்குத் தெரியாது. அதை நாம்தான் கூட்ட வேண்டும்.

அந்த மூன்று லட்சத்தை 'பிற வருமானம்' என்று ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவத்தில் போட்டால் மொத்தம் 13,65,000 ஆகும். வரி 84,750, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 88,140. ஆனால் இது தொழில் வருமானம். இன்ஜினீயரிங் 44ஏடிஏ பிரிவில் வரும் தொழில். வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், செலவு ரசீது கேட்க மாட்டார்கள். அப்போது 1,50,000 மட்டும் கூடும், மொத்தம் 12,15,000. சாதாரணக் கணக்கில் வரி 62,250 வரும். ஆனால் 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினோமோ அதற்கு மேல் வரி போகக்கூடாது என்ற விளிம்பு நிவாரணம் இருக்கிறது. எனவே வரி 15,000, செஸ் 600, ஆக 15,600. தப்பான தலைப்பில் போட்டால் 72,540 ரூபாய் நஷ்டம்! பாதியை லாபமாகக் காட்டிய பிறகு லேப்டாப், பெட்ரோல் என்று மறுபடி கழிக்க முடியாது.

டிடிஎஸ் போக வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்கூட்டியே (அட்வான்ஸ் டாக்ஸாக) கட்ட வேண்டும். 44ஏடிஏ-காரர்களுக்கு நான்கு தவணை இல்லை. மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும். அதைத் தவறவிட்டு மார்ச் 31-க்குள் கட்டினால் ஒரு சதவீத வட்டியோடு போய்விடும். ஏப்ரல் பிறந்துவிட்டால் மாதம் ஒரு சதவீதம் தனியாக ஏறும்.

வரித்துறை தளத்தில் 'இ-பே டாக்ஸ்' போய், அட்வான்ஸ் டாக்ஸ் என்றால் குறியீட்டு எண் 100, மார்ச் 31-க்குப் பின் என்றால் செல்ஃப் அசெஸ்மென்ட், குறியீட்டு எண் 300. ஆண்டைத் தேர்வு செய்யும்போது நிதானம் வேண்டும். 2025-26-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த 'வரி ஆண்டு 2026-27' வேறு. அது அன்று முதல் சம்பாதிப்பதற்கு. எண் ஒன்றுபோல இருப்பதால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். சலானைப் பத்திரப்படுத்துங்கள்.

ரிட்டர்னுக்கு ஐடிஆர்-4. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-4 ஆகாது, ஐடிஆர்-3 போட வேண்டும். போட்டபின் 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதிப்படுத்தல்) செய்யாவிட்டால் போடாத மாதிரிதான்.

பழைய வரிமுறை வேண்டுமென்றால் ரிட்டர்ன் கெடுவுக்குள் படிவம் 10-ஐஈஏ தாக்கல் செய்யுங்கள். சம்பளம் மட்டும் வாங்குகிறவர் வருடா வருடம் மாறலாம். தொழில் வருமானம் இருப்பவர் பழையதிலிருந்து புதியதற்கு ஒருமுறை திரும்பிவிட்டால், அந்தத் தொழில் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

பின்சேர்க்கை: ஜிஎஸ்டி பற்றிப் பலரும் கேட்பதால் இது. பிளான் போடுவது சேவை. பொள்ளாச்சிக்காரருக்குப் போட்டுக் கொடுத்தாலும் மொத்த வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு வேண்டாம். சிப்ஸ் வறுத்து விற்பவர் கதை வேறு. கேரளத்துக்குள்ளேயே விற்றால் 40 லட்சம்வரை விலக்கு உண்டு. ஆனால் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். அவருக்கு 44ஏடிஏ-வும் கிடையாது, வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவுதான்: பேங்க், யூபிஐ வழி வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்ட வேண்டும்.