ஜோடியாக மேடையேறும் உடன்பிறந்தவர்களுக்கு: வெளிநாட்டில் ஒருவருக்குக் காதல் வந்தால்

அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ ஜோடியாக ஆடும் நிகழ்ச்சிக்கு மாற்று ஆள் கிடையாது. ஒருவர் காதலரோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தால் மறுநாள் மேடையில் இருவரும் தடுமாறுவார்கள். அதனால் காதல் வந்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே, இருவர் வாழ்விலும் யாரும் வராத நேரத்தில், பேசி முடித்துவிடுங்கள். ஆள் வந்த பிறகு பேசினால் எந்த விதியும் அந்த ஆள் மீது சொல்லும் குறையாகவே காதில் விழும்.

முதலில் ஒப்பந்தம். விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், ஒருவர் விலகினால் மற்றவர் வேலையும் போகுமா என்று பாருங்கள். உல்லாசக் கப்பல் வேலை என்றால் பயணிகளோடு பழகுவது பற்றிய விதியையும் தேடுங்கள். பெரும்பாலும் அது தடைதான். பயணியின் அறையில் பிடிபட்டவரை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடக்கூடும். ஒப்பந்தம் இருவருக்கும் சேர்த்துப் போட்டது என்றால், ஒன்றும் செய்யாத உடன்பிறப்பும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஒரே அறையில் தங்குகிறீர்களா? வாரத்தில் எந்த இரண்டு மாலை அறை யாருக்கு என்று தேதி போட்டு எழுதுங்கள். 'கொஞ்ச நேரம் வெளியே இரேன்' என்று அவ்வப்போது கேட்பதுதான் மனக்கசப்பில் முடியும்.

தூக்கம்தான் பெரிய விஷயம். கப்பல் ஊழியர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வைச் சொல்கிறது. அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் ஒரு பகுதி 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். தரையில் ஆடுபவர்களும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தூக்கும் வித்தை உண்டென்றால், ஷோவுக்கு முன் மார்பு உயரம் வரை மூன்று முறை தூக்கிப் பாருங்கள். களைத்தவர் மேலே போனதும் இடுப்பைத் தளரவிடுவார், பாரம், தாங்குபவரின் தோளுக்கு நேரே நிற்காமல் முன்னால் சரியும், தாங்குபவரின் மணிக்கட்டு மடங்கும். மூன்றில் ஒரு முறை பிடி தாளத்துக்குப் பிந்தினாலும் அன்று தலைக்கு மேல் தூக்க வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், அதுவும் அந்த நேரத்தில்.

காதலர் முன்வரிசையில் உட்கார ஆசைப்படுவார். சுழலும்போது கண் ஒரே புள்ளிக்குத் திரும்ப வேண்டும். அது அந்த நாற்காலிக்குத் தாவினால் சுழற்சி கோணி முடியும். முதல் சில நாட்கள் பின்வரிசையில் இருக்கட்டும்.

விசாக் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குறுகியகாலத் தங்கலுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான் வரம்பு. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஷோ முடிந்து பக்கத்து ஷெங்கன் நாட்டில் காதலரோடு கழித்த பத்து நாளும் அதில்தான் கழியும். அடுத்த சுற்றுப்பயணத்தின் பாதியில் நாள் தீர்ந்து நிற்பது இப்படித்தான்.

உடன்பிறந்தவரிடம் எப்போது சொல்வது? குழுவில் வேறு யாராவது சொல்வதற்குள். வீட்டில் சொல்ல வேண்டியது காதலிப்பவர்தான். மற்றவரைத் தூது விடக் கூடாது, உளவும் கேட்கக் கூடாது. சம்பளம் தனித்தனிக் கணக்கில் போகட்டும். உடை, இசைப் பதிவுச் செலவுக்கு மட்டும் ஒரு பொதுப் பணம் வையுங்கள்.

விலகல் வந்தே தீரும் என்று எண்ணித் தயாராகுங்கள். 1905 முதல் தம்பி ஃபிரெடுடன் ஆடிய அமெரிக்க நடனக் கலைஞர் அடேல் அஸ்டேர், லண்டன் மேடைகளையும் வென்றபின், சார்லஸ் கேவண்டிஷ் பிரபுவை மணப்பதற்காக 1932-இல் மேடையை விட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபிரெட் வேறொரு ஜோடியோடு நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறிவிட்டார். நீங்களும் ஆளுக்குப் பத்து நிமிடத் தனி நிகழ்ச்சி ஒன்றைப் புறப்படும் முன்பே பழகி, வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம்பிடித்து வையுங்கள். ஜோடி ஆட்டத்தின் தாள எண்ணிக்கைக் குறிப்பும் இசைப் பதிவும் இருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.