விட்டுப்போன வாசிப்பை மறுபடி தொடங்குவது எப்படி?

பாடசாலைக் காலத்தில் இரவிரவாக நாவல் வாசித்த பலர், வேலை, பிள்ளைகள் என்று ஆனபிறகு வருடத்துக்கு ஒரு புத்தகம்கூட முடிப்பதில்லை. நேரமில்லை என்பது பாதிதான் உண்மை. கைக்கெட்டும் இடத்தில் போன் இருக்கிறது, புத்தகம் இல்லை. அதை மாற்றினாலே போதும்.

படி 1: 120 பக்கத்துக்குள் அடங்கும் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுங்கள். ஒரே இருப்பில் ஒரு கதை முடிந்துவிடும். வாசிக்காமல் விட்டோமே என்று மனதை உறுத்தும் பெரிய நாவல் இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: வாங்காதீர்கள், இரவல் எடுங்கள். சொந்தப் புத்தகம் எத்தனை வருடமும் அலுமாரியில் கிடக்கும். நூலகப் புத்தகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் திகதி உண்டு. கொழும்பில் இருப்பவர்களுக்கு, வெள்ளவத்தையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. விகாரமகாதேவி பூங்காப் பக்கம் 1925இல் உருவான பொது நூலகம். அங்கத்துவத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 3: ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். 200 பக்கப் புத்தகம் இருபது நாளில் முடியும். அப்படியே போனால் வருடத்துக்குப் பதினெட்டு! காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் நல்லது. ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம், மாலையில் நிற்கவே இடமிருக்காது. இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு உட்காருங்கள். இந்த முறையில் மிகக் கடினமான பகுதி இதுதான். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

படி 4: முப்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லையா? மூடிவிடுங்கள். பரீட்சைக்குப் படித்த பழக்கத்தில், பிடிக்காததையும் முடித்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறோம். வாசிப்பு அங்கேதான் நின்றுபோகிறது.

படி 5: பஸ்ஸில் போன்தான் வசதி என்றால், 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய அச்சுப் பக்கங்களில் எழுத்து சிறிதாக இருக்கும். போனைக் குறுக்காகப் பிடித்து வாசியுங்கள்.

செப்டம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு, இரவல் புத்தகம் நாலைந்து முடித்தபிறகு போங்கள். எது உங்களுக்குப் பிடிக்கும் என்று அதற்குள் தெரிந்திருக்கும்.