பழைய தோல் கைப்பைக்கு எண்ணெய் தேய்க்கும் முன்

எண்ணெய்க் குப்பியை முதலில் எட்டத்தில் வையுங்கள். பழைய தோல் கைப்பை ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் கை பரபரக்கும். எதையாவது தேய்த்து உடனே பளபளக்க வைத்துவிட வேண்டும் என்று தோன்றும். சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் வருகிற பைகளில் அழுக்கால் கெட்டவை குறைவு, அன்பால் கெட்டவைதான் அதிகம். சமையல் எண்ணெய், ஷூ பாலிஷ், வாசனை போட்ட ஈரத் துடைப்பான், பாத்திரம் கழுவும் சோப்பு என்று அவரவர் கைவைத்தியம் தோலின் மேல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அதை எடுப்பதிலேயே என் பாதி வேலை போய்விடுகிறது.

ஆகவே, எதைத் தேய்ப்பது என்ற கேள்விக்கு முன்பாக, கையில் இருப்பது என்ன தோல் என்று தெரிந்தாக வேண்டும்.

சொட்டுத் தண்ணீர் சோதனை

பையின் அடிப்பக்கத்திலோ மூடியின் உள்மடிப்பிலோ, வெளியே தெரியாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். வாலைவடிநீராக (டிஸ்டில்டு வாட்டர்) இருந்தால் நல்லது. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு, காய்ந்த பிறகு வெளிறிய வளையமாக நின்றுவிடும். சொட்டு உருண்டு அப்படியே நின்றால், மேலே நிறப்பூச்சு உள்ள தோல் என்று பொருள். துடைக்கலாம், கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் தாங்கும். சொட்டு சில நொடிகளில் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், பூச்சு இல்லாமல் சாயம் மட்டும் ஏற்றிய தோல். இதை அனிலின் தோல் என்பார்கள். தண்ணீர் இறங்கிய வழியில் எண்ணெயும் இறங்கும், கைவியர்வையும் இறங்கும், நீங்கள் தடவுகிற எல்லாமும் இறங்கும். அங்கே அவசரம் ஆகாது.

தோலே அல்லாத பைகளும் இருக்கின்றன. மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து, அடியில் துணி நெய்தல் தெரிந்தால் அது பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரம் பல ஆண்டுகளாக அந்தப் பூச்சின் வேதிப்பிணைப்பை உடைத்துவிட்டது. எந்தக் கிரீமும் அதை ஒட்டவைக்காது. வெளியே அருமையான தோலும் உள்ளே இதே பூச்சுப் போட்ட லைனிங்கும் உள்ள பைகள் உண்டு. உள்பையில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த லைனிங்கைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதுத் துணி தைப்பதுதான் ஒரே வழி. பவுடர் தூவி மறைப்பது நாலு நாளைக்குத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். விரலால் தடவினால் செங்கல் நிறத்தில் தூள் ஒட்டுகிறதா? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்களில் இந்த நோய் அதிகம். காற்றில் இருந்த கந்தக டை ஆக்சைடை உறிஞ்சி, உள்ளேயே அமிலம் உருவாகி, நார்கள் பொடிந்துபோகின்றன. போனது திரும்பாது. அருங்காட்சியகங்களில் ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்துத் தடவி, மேற்கொண்டு உதிராமல் கட்டிவைக்கிறார்கள். வீட்டில் அதற்கு எண்ணெய் தடவினால் தூள் சேறாகிவிடும். அப்படிப்பட்ட பையை அலமாரியில் வைத்துப் பாருங்கள், தோளில் மாட்டாதீர்கள்.

உலர்ந்த வேலை முதலில்

பையைக் காலி செய்து, லைனிங்கை வெளியே இழுத்து, மூலைகளில் அடைந்த தூசியைச் சின்ன பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பழைய டிக்கெட், ஹேர்பின், கசிந்த பேனா எல்லாம் அங்கேதான் இருக்கும். வெளிப்புறத்தை மென்மையான பிரஷ்ஷால் தையல் ஓரமாகவே துடைத்துக்கொண்டு வாருங்கள். தூசி என்பது நுண்மணல். அதன் மேல் ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் நீங்கள் செய்வது உப்புத்தாள் வேலை.

பிறகுதான் ஈரம். பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலத் தன்மை உள்ளது. அதன் பிஎச் மதிப்பு சுமாராக 3.5 முதல் 5 வரை இருக்கும். கட்டிச் சோப்பு 9, 10 என்று காரத்தின் பக்கம் நிற்கிறது. பேக்கிங் சோடாவும் காரம்தான். திரும்பத் திரும்பக் காரம் பட்ட தோல் விறைத்து வெடிக்கும். அதனால் தோலுக்கென்றே விற்கிற, காரம் இல்லாத கிளீனர் நுரையைத் துணியில் எடுத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு பகுதியை ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுவதுமாகத் துடையுங்கள். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழும். துணியில் பையின் நிறம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். லேசாக ஏறினால் அழுத்தத்தைக் குறையுங்கள். நிறையவே ஏறினால் அன்றைக்கு அத்தோடு போதும்.

முழுப் பையையும் தண்ணீரில் முக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1941இல் நியூயார்க்கில் தொடங்கிய கோச் நிறுவனத்தின் பழைய பைகளைச் சேகரிப்பவர்கள் அப்படிச் செய்வது உண்மைதான். அந்தப் பைகளுக்கு லைனிங் கிடையாது, உள்ளே அட்டை கிடையாது, தோல் கனமானது, கொக்கிகள் முழுப் பித்தளை. அதனால் தாங்குகிறது. லைனிங்கும் அட்டையும் பசையும் உள்ள சாதாரணக் கைப்பையை அப்படி முக்கினால் காய்ந்த பிறகு வெளிவருவது வேறு வடிவம். கோச் பையாகவே இருந்தாலும், எல்லா வழியும் அடைத்துப்போன பிறகே நான் அதற்குப் போவேன்.

நனைந்த தோலை வெயிலிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைக்கவே கூடாது. ஈரத் தோல் சூட்டில் சுருங்கி மரக்கட்டையாகிவிடும். அச்சில்லாத வெள்ளைத் தாளைத் திணித்து, வடிவம் நிற்கும்படி நிமிர்த்தி, நிழலில் காற்றோட்டமாக ஒன்றிரண்டு நாள் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை வெளிறிய லைனிங்கில் பதியும்.

வெள்ளையும் பச்சையும்

கருப்புப் பையை அலமாரியிலிருந்து எடுத்தால் மேலே மெல்லிய வெண்படலம். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதறாதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். வெண்மை கண்ணெதிரே உருகி மறைந்து தோல் மீண்டும் கருத்தால் அது தோலின் உள்ளிருந்த கொழுப்பு. குளிரில் மேலே வந்து படிகமாகியிருக்கிறது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. முன்பு யாரோ அளவுக்கு மீறி எண்ணெய் ஊட்டியிருக்கிறார்கள் என்பதற்கும் பல நேரம் இதுவே சாட்சி.

சூட்டுக்கு அசையாமல், பஞ்சுபோல, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளியிட்டு, மக்கிய வாடையுடன் இருந்தால் பூஞ்சைதான். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பையை வெளியே கொண்டுபோய், நன்றாக உலரவிட்டுப் பிறகு பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பக்கத்துப் பைக்கு விதை தூவுகிறீர்கள். மிஞ்சியதை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தோய்த்த துணியால் துடைக்கலாம். அனிலின் தோலில் ஆல்கஹால் சாயத்தையும் கூடவே அழைத்துப் போகும். மறைவான இடத்தில் முதலில் பாருங்கள்.

பச்சை வேறு கதை. என்னிடம் தோளில் மாட்டும் பழுப்புப் பை ஒன்று இருக்கிறது. அதன் பித்தளை வளையம் தோல் பட்டையைத் தொடும் இடத்தில், உள்வளைவில், மெழுகு போன்ற பச்சைப் பிசின் சுருண்டு நின்றது. தோலில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையில் இருக்கும் செம்பைத் தின்று உண்டாக்கிய களிம்பு அது. இதைத் துணியால் துடைக்கப் போனால் தோலில் பச்சைக் கறை இழுத்துக்கொண்டு போகும். பல்குத்தும் குச்சியின் முனையைக் கொஞ்சம் மழுங்கடித்து, உலோகத்தின் பக்கமாக, வளைவோடு சுரண்டுங்கள். களிம்பு சின்னச் சுருளாகக் கழன்று வரும். ஒவ்வொரு முறையும் குச்சியைத் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். தையல் நூலுக்குள் புகுந்ததைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். அதன் பிறகு பித்தளையைப் பாலிஷ் செய்வதென்றால், உலோகத்துக்கும் தோலுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாளை நுழைத்துக்கொள்ளுங்கள். முலாம் பூசிய கொக்கிக்குப் பாலிஷே வேண்டாம். மெருகு என்று நினைத்து முலாமைத்தான் தேய்த்து எடுப்பீர்கள்.

ஜிப் இறுகியிருந்தால் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்து நாலைந்து முறை ஓட்டுங்கள். இழுத்துச் சண்டை போட வேண்டாம்.

இப்போது வேண்டுமானால் கண்டிஷனர்

தோல் சுத்தமாகி, முழுதாக உலர்ந்த பிறகு, மடித்துப் பார்த்தால் வறண்ட ஒலி கேட்கிறதா, மடிப்பில் வெளிறிய கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், தோலுக்குக் கொழுப்பூட்டி மென்மையாக்கும் கண்டிஷனர் தேவையே இல்லை. மேலே நிறப்பூச்சு உள்ள தோலில் கண்டிஷனர் பெரும்பாலும் மேலேயே நின்றுகொண்டு தூசியைத்தான் பிடிக்கும்.

தேவையென்றால், பட்டாணி அளவு எடுத்துத் துணியில் முதலில் பரப்பிக்கொண்டு, பிறகு தோலில் தடவுங்கள். நேரே தோலில் வைத்தால் வைத்த இடத்தில் கறை. ஒரு மெல்லிய பூச்சு, ஓர் இரவு ஓய்வு, காலையில் உலர்ந்த துணியால் துடைப்பு. இன்னும் வறண்டிருந்தால் மட்டும் இரண்டாவது. மாட்டின் காலெலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் குதிரைச் சேணத்துக்குப் பேர்போனது. ஆனால் வெளிர்நிறப் பையை நிரந்தரமாகக் கருக்கவைக்கும். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் சிக்கடிக்கும், அந்த வாடை பையை விட்டுப் போகாது. ஷூ பாலிஷ் உங்கள் புடவையிலும் சட்டையிலும் ஒட்டும். ஷூ எதன்மீதும் உரசுவதில்லை, பை நாள் முழுக்க உங்கள் இடுப்பில் உரசுகிறது.

ஸ்வேட்: பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்

ஸ்வேட் என்பது தோலின் உட்பக்க அடுக்கிலிருந்து வருகிறது. நார்களை எழுப்பி முடிபோல நிற்க வைத்திருப்பார்கள். நுபக் என்பது வெளிப்பக்கத்தைத் தேய்த்து மென்முடி எழுப்பியது. அதற்கும் இதே முறைதான், கை மட்டும் இன்னும் இலேசாக இருக்க வேண்டும்.

பெரியம்மா கொடுத்த சாம்பல்நிற ஸ்வேட் பையின் கைப்பிடியைப் பார்த்தால் ஸ்வேட்டின் நோய் முழுவதும் புரிந்துவிடும். விரல்கள் பிடித்த இடத்தில் மட்டும் முடி படுத்து, ஒட்டிக்கொண்டு, கருத்து மின்னும். அது கறை மட்டும் இல்லை. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து முடியைப் படுக்க வைத்துவிட்டன. பாதி வேலை அழுக்கை எடுப்பது, மீதிப் பாதி முடியை எழுப்புவது.

உள்ளே தாள் திணித்து, முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் ஒரே திசையில் தூசியை எடுங்கள். அடுத்து கிரேப் ரப்பர் பிரஷ், அதாவது முடிக்குப் பதில் சொரசொரப்பான ரப்பர் வைத்த பிரஷ். அது முடிகளைப் பிடித்துத் தூக்கும், அழுக்கும் உருண்டு வரும். கருத்த இடங்களில் வெள்ளை அழிப்பானால் சின்னச் சின்னதாகத் தேயுங்கள். நிறமுள்ள அழிப்பான் தன் நிறத்தை விட்டுப் போகும். உதிர்ந்த துகளை ஊதிவிட்டு மீண்டும் பிரஷ். இன்னும் படுத்தே கிடந்தால், கொதிக்கும் கெட்டிலின் ஆவிக்கு ஒரு சாண் மேலே அந்த இடத்தை இரண்டு மூன்று நொடிகள் காட்டி எடுங்கள். கை வைத்தால் ஈரம் தெரியக் கூடாது, வெதுவெதுப்பு மட்டும் தெரிய வேண்டும். உடனே பிரஷ்ஷால் எதிர்த்திசையில் தூக்குங்கள், பிறகு சரியான திசையில் படியுங்கள். பித்தளைக் கம்பி பிரஷ்ஷைக் கடைசியாக, அதுவும் மின்னுகிற இடத்தில் மட்டும். பயன்படுத்தினால் முடி கொஞ்சம் கொட்டும்.

புதிய எண்ணெய்க் கறைக்கு வாசனையில்லாத டால்கம் பவுடரைத் தாராளமாகக் குவித்து, தேய்க்காமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தட்டிவிட்டு மறுபடி போடுங்கள். பழைய கறை முழுதாகப் போவதில்லை, வெளிறும். சேறு பட்டால் முழுதாகக் காயும்வரை தொடவே வேண்டாம். தண்ணீர் வளையம் விழுந்தால் வளையத்தை மட்டும் தேய்ப்பதில் பயனில்லை. பஞ்சில் வாலைவடிநீரை எடுத்துத் தையலிலிருந்து தையல் வரை அந்தப் பகுதி முழுவதையும் ஒரே சீராக ஈரமாக்கி, நிழலில் உலர்த்தி, பிரஷ் போடுங்கள். தோல் கண்டிஷனரை ஸ்வேட்டுக்குப் போடாதீர்கள். முடி மொத்தமும் பிசினாகப் படுத்துவிடும்.

தேய்ந்த மூலைகள்

நிறப்பூச்சுள்ள பைகளில் முதலில் போவது அடி மூலைகள்தான். ஆல்கஹாலால் மெழுகை எடுத்துவிட்டு, தோலுக்கான அக்ரிலிக் நிறத்தை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்ததை வையுங்கள். நிறத்தைத் தாளில் தடவி உலரவிட்டுப் பார்க்காமல் பையைத் தொடாதீர்கள். ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தால் இன்னொன்று. மேலே தெளிந்த மேற்பூச்சு ஒன்று. தையல் விட்டிருந்தால் மெழுகு நூலும் இரண்டு ஊசியும் எடுத்து, பழைய துளைகளிலேயே தையுங்கள். புதுத் துளை போட்டால் தோல் வரிசையாகக் கிழியும்.

மக்கிய வாடைக்குப் பையின் உள்ளே வாய் திறந்த கிண்ணத்தில் செயலூட்டிய கரியை (ஆக்டிவேட்டட் சார்கோல்) வைத்து, பையை ஒரு பெட்டிக்குள் மூடிவைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். நாப்தலீன் உருண்டை ஒரு வாடையை எடுத்து இன்னொன்றைக் குடிவைக்கும்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தித் துணிப்பை போதும். கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள், பையின் எடையே பிடியை இழுத்துவிடும். சங்கிலி இருந்தால் அதைத் துணியில் சுற்றி உள்ளே போடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தங்கும் காலங்களில் அலமாரியை அடிக்கடி திறந்து வையுங்கள். மாதம் ஒருமுறை பையை எடுத்து, வளையங்களின் உள்வளைவையும் மூடியின் மடிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திணித்த தாளை மாற்றி வையுங்கள்.